மாமாவுக்கு இன்னும் சில இதயங்கள்

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அத்தா இங்க இருக்கணும் மச்சான். இல்லன்னா என் கல்யாணப் பேச்சு அவ்ளோதான்" என்று போனில் சொன்னாள் சபா. "நீங்க இன்னும் ஜாஸ்தி ஹார்ட்டு காட்டுங்க."

"தினமும் காட்டிட்டுதான் இருக்கேன்" என்றான் அமான்.

"பத்தல. பத்தியிருந்தா வந்திருப்பாருல்ல?"

அமான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தான். மாமனார் நசீர் அகமது கொல்லைப்புறக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது ஒழுகவில்லை. இனியும் ஒழுகக் கூடாது என்பதற்காகக் கழற்றுகிறார்.

அவருக்குக் கீழ்பென்னாத்தூரில் இரும்புக்கடை. மகள் ரூக்ஸார் டெங்குவில் இறந்து, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குத் திருவண்ணாமலை வந்தவர், அன்று சாயங்காலமே திரும்புவதாக இருந்தது. மாமி ரஹமத்துன்னிசாவும் சின்ன மகள் சபாவும் திரும்பினார்கள். இவர் மட்டும், "ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்" என்றார். இரண்டு மாதம் ஆகிவிட்டது.

இதற்குள் வீட்டின் எல்லாக் கதவுகளுக்கும் எண்ணெய் விட்டுவிட்டார். கொடிக்கயிறுகளை வீணைக் கம்பி போல் இழுத்துக் கட்டிவிட்டார். அமானுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை, வீட்டிலிருந்தே செய்வது. மீட்டிங்கில் அவன் வாய் திறக்கும்போதெல்லாம் பின்னால் சுத்தியல் கேட்டது. அவன் சொந்த வீடு கட்டுகிறான் என்று நினைத்து மேலாளர் வாழ்த்துச் சொன்னார். அமான் நன்றி சொன்னான். விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

மாமனாரிடம், "எப்போது ஊருக்குக் கிளம்புகிறீர்கள்?" என்று கேட்கும் மருமகன் அந்தப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

இதயங்கள் ரூக்ஸாருடைய விஷயம். காலையில் மலைப்பாதையில் நடக்கப் போனால், இதய வடிவில் எது தென்பட்டாலும் படம் எடுப்பாள். பூச்சி அரித்த எருக்கன் இலையின் ஓட்டை, மழைத் தண்ணீர் தேங்கிய குழி, காய்ந்த சாணம். அவளுக்கு விதிகள் இருந்தன. யாரும் செய்ததாக இருக்கக் கூடாது. தானாக அமைந்திருக்க வேண்டும். அரச இலை சேராது. "அது எப்பவுமே அப்படித்தான் இருக்கும். அதுல என்ன அதிசயம்?" என்பாள். எடுத்ததும் அத்தாவுக்கு அனுப்புவாள். அவர் கடை திறக்கும் நேரத்தில் கட்டைவிரலை உயர்த்தி பதில் அனுப்புவார். அமான் பக்கத்தில் நின்று அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு இதயங்களில் ஆர்வம் இருந்ததில்லை.

நாற்பதாம் நாளுக்கு அடுத்த காலை, மாமா அவனை எழுப்பி நடக்க அழைத்துப் போனார். வழியில் ஒரு கல் இதயம் போல் கிடந்தது. கை தானாகப் போனை எடுத்தது. படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தால், மாமாவின் கண்கள் கலங்கியிருந்தன. அன்றுதான், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன் மாப்ள" என்றார்.

இதைக் கேட்டதும் சபா முடிவு சொல்லிவிட்டாள். "அக்கா போட்டோ வராம அத்தாவுக்கு மனசு ஏங்கிப் போச்சு மச்சான். நீங்க டெய்லி ஒண்ணு காட்டுங்க. மனசு நெறஞ்சா தானா வந்துடுவாரு."

அன்றிலிருந்து அமான் தினமும் ஒன்றைக் கண்டுபிடித்தான். தேடினால் கிடைத்துவிடும். மாமாவின் மனசு மட்டும் நிறைவதாகத் தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வேறு வருகிறது. மாப்பிள்ளை முபின், சபாவோடு பி.எட். படித்தவன். ரூக்ஸார் இருக்கும்போதே தொடங்கிய பேச்சு. அவன் வீட்டார் பெண் பார்க்கும் தேதியை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். இரண்டு முறையும் பெண்ணின் அத்தா மருமகன் வீட்டில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை மாற்ற மாட்டோம் என்று சொல்லியாயிற்று.

அன்று மாலையே அமான் தனியாக மலைப்பாதைக்குப் போனான். அடி அண்ணாமலை கிராமத்துக்கு முன்னால் ஓரமாகக் குந்தி, கூழாங்கற்களைத் தள்ளித் தள்ளி, தற்செயலாக விழுந்தவை போல் ஒரு பெரிய இதயம் செய்தான். விதிமீறல்தான். ஆனால் விதி போட்டவள் இல்லை.

முடிக்கும்போது பக்கத்துக் குட்டையின் காய்ந்த சேறு கண்ணில் பட்டது. வெடிப்புகளுக்கு நடுவே ஒரு துண்டு, அச்சு அசலாக. யாரும் செய்யாதது. அவன் படம் எடுத்தான். ரூக்ஸாரின் எண்ணைத் திறந்தான். அவள் கடைசியாக அனுப்பியது, 'பால் வாங்கிட்டு வாங்க.' கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். போனைப் பையில் போட்டுவிட்டு, ஒரு கூழாங்கல்லைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினான்.

காலையில் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனால், இதயத்தைக் காணோம். அந்தக் கற்களையெல்லாம் யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். சொந்த வீடு அமைய வேண்டிக்கொண்டு கிரிவலம் வருபவர்கள் அப்படி அடுக்குவது வழக்கம். அமானின் இதயத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் வீடு கட்டியிருந்தன.

அன்று வழியெங்கும் வேறு எதுவும் சிக்கவில்லை. மாமா வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். ஏதோ பழைய பாட்டைக்கூட முணுமுணுத்தார். ஏமாற்றத்தை மறைக்கிறார், பாவம் என்று அமான் நினைத்தான்.

தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். ஒரு நாள் வீணாகப் போகிறது. அப்போதுதான் பார்த்தான். யாரோ கொட்டிய டீ, தார் ரோட்டில் பரவி, கிட்டத்தட்ட இதயம்.

"மாமா, நில்லுங்க! இங்க பாருங்க!"

மாமா நின்றார். பாட்டும் நின்றது. அமான் நான்கு கோணங்களில் படம் எடுத்தான்.

"நல்லாருக்கு மாப்ள" என்றார் மாமா. "இன்னும் ஒரு வாரம் இருந்துட்டே போறேன்."

"அப்படியே சொன்னாரா?" என்றாள் சபா.

"அப்படியே."

"அப்போ ஒண்ணு ஒண்ணா காட்டினா வேலைக்கு ஆவாது. ஒரே நாள்ல வயிறு முட்டக் காட்டிடுங்க மச்சான். விருந்து மாதிரி."

மறுநாள் அமான் மாமாவைப் பெரிய அரசமரம் ஒன்றின் அடியில் நிறுத்தினான். காற்றில் இலைகள் சலசலத்தன. கீழே உதிர்ந்தவை வேறு, பாய் விரித்தது போல்.

"பாருங்க மாமா. எத்தன ஹார்ட்டு!"

மாமா மரத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அரச இலைய ரூக்ஸார் கணக்குல சேக்க மாட்டாளே மாப்ள?"

"நான் சேத்துக்கறேன் மாமா. எல்லாத்தையும் சேத்துக்கறேன்." குனிந்து ஒவ்வோர் இலையாகப் படம் எடுக்க ஆரம்பித்தான். அவ்வழியே போன வெள்ளைக்காரர் ஒருவர் தானும் குனிந்து இரண்டு எடுத்துக்கொண்டு போனார். மாமா அமானின் தோளில் கையை வைத்து, வைத்தபடியே நின்றார்.

அன்று மத்தியானம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குட்டி யானை வண்டி வந்து வாசலில் நின்றது. அதிலிருந்து மாமாவின் தேக்குக் கட்டில் இறங்கியது. அதுவரை அவர் பாயில் படுத்துக்கொண்டிருந்தார்.

"இடுப்பு வலிக்குது மாப்ள. எப்படியும் இருக்கத்தான் போறேன்" என்றார். கட்டில் கூடத்தில்தான் கொள்ளும். அமானின் மேசை சமையலறைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை சபா அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

"மச்சான், கட்டில் ஏத்துனத ஊரே பாத்துடுச்சு. முபினோட பெரியம்மா எங்க அம்மாவுக்கு போன் பண்ணி, 'பெரியவ போனதும் சின்னவளயும் அந்த வீட்டுக்கே குடுக்கறதா முடிவாயிடுச்சாமே, சீர்க்கட்டிலும் போயிடுச்சாமே'ன்னு கேக்கறாங்க!"

"எந்த வீட்டுக்கு?"

"உங்களுக்குத்தான் மச்சான்!"

அமான் யோசித்தான். "எனக்கு வேணாமே."

"எனக்கு மட்டும் வேணுமா? எனக்கு முபின்தான் வேணும்! நாளன்னிக்கு அத்தா இங்க வாசல்ல நின்னு அவங்கள வாங்கன்னு கூப்பிடணும். இல்லன்னா அந்தப் பேச்சுதான் நெசம்னு ஆயிடும். ஏதாவது பண்ணுங்க. அத்தா பாத்தவுடனே போதும்டா சாமின்னு சொல்ற மாதிரி ஒரு ஹார்ட்டு காட்டுங்க."

அப்படி ஒன்று இருப்பது அமானுக்குத் தெரியும். கிட்டத்தட்ட.

அடி அண்ணாமலையில் அவர்கள் தினமும் டீ குடிப்பது திரௌபதியின் கடையில். மாமா பெஞ்சில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அமானுக்கு ஆபீஸ் அழைப்பு வரும். தள்ளிப் போய்ப் பேசுவான். கடைக்குப் பின்னால் திரௌபதியின் வெள்ளாடு கட்டியிருக்கும். உடம்பெல்லாம் வெள்ளை, விலாவில் ஒரு கறுப்புத் திட்டு. மேலே இரண்டு வளைவு, கீழே கூர். வலது பக்கம் மட்டும் முடி புசுபுசுவென்று பிதுங்கி வடிவத்தைக் கெடுத்தது.

சனிக்கிழமை காலை அமான் மாமாவின் மீசைக் கத்தரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

டீ வந்ததும், "கால் வருது மாமா" என்று எழுந்தான். இரண்டு பொறை ரொட்டியை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான். ஆடு பொறையைத் தின்றது. அவன் கத்தரித்தான். வலது பக்கம் அதிகமாகிவிட்டது. சமன்செய்ய இடது பக்கம் கொஞ்சம். இப்போது இடது குறைந்தது. பொறை தீர்ந்தது, ஆடு அவன் சட்டைக் காலரைத் தின்னத் தொடங்கியது. காலர் பாதி போவதற்குள் வேலை முடிந்தது. ரூக்ஸாரே பார்த்திருந்தாலும் நம்பியிருப்பாள்.

"மாமா! சீக்கிரம் வாங்க!"

மாமா வந்தார். ஆட்டைப் பார்த்தார். அமான் ஆட்டின் முன் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். காலர் தொங்கிக்கொண்டிருந்தது, முழங்கையில் ஆட்டு மயிர்.

"எப்படி மாமா?"

மாமா குனிந்து அவன் முழங்கையிலிருந்த மயிரைத் தட்டிவிட்டார். பிறகு தலையை ஆட்டினார். "போதும் மாப்ள" என்றார்.

அமானுக்கு மூச்சு வந்தது.

மாமா போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரமாகப் போனார். காற்றில் அவர் குரல் தெளிவாகவே கேட்டது.

"ரஹமத்து, கடைய மூடிடு... ஆமா, மூடிடு. சபாவக் கூட்டிக்கினு இன்னிக்கே பொறப்பட்டு வந்துடு. கிரைண்டரையும் ஏத்து. பொண்ணு பாக்க வர்றவங்கள இந்த வீட்டுக்கே வரச் சொல்லிடலாம்... வேற வழியில்ல."

அமான் ஆட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

டம்ளர் எடுக்க வந்த திரௌபதி ஆட்டைப் பார்த்து நின்றாள். தரையில் கிடந்த மயிரைப் பார்த்தாள். அவன் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கத்தரியைப் பார்த்தாள்.

"யோவ்! எம் ஆட்ட எதுக்குய்யா செரைச்ச?"

"மன்னிச்சிடுங்கக்கா."

"படிச்ச புள்ள பண்ற வேலையா இது? சந்தையில கேட்டா நான் என்னா சொல்லுவேன், சொறின்னு நெனைக்க மாட்டானா?"

"எனக்காக இல்லக்கா. எனக்கு இந்த ஹார்ட்டு, படம், எதுவுமே புடிக்காது. எல்லாம் மாமாவுக்காக."

"பாய்க்கா?"

"தெனம் ஒண்ணு காட்டினா அவருக்கு மனசு நெறஞ்சிடும், நிம்மதியா ஊருக்குப் போயிடுவாருன்னு மச்சினி சொல்லிச்சு. நாளைக்கு அதைப் பொண்ணு பாக்க வர்றாங்க. அவரு அங்க இருந்தாகணும். அதான் ரெண்டு மாசமா ஒரு நாள் விடாம காட்டிட்டு வர்றேன். கெடைக்காத அன்னிக்கு நானே செஞ்சு வச்சேன்."

திரௌபதி டம்ளரைக் கீழே வைத்தாள். ரோட்டோரம் முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, வேறு ஏதாவதா என்று அமானுக்குத் தெரியவில்லை.

"அடப்பாவி தம்பி, அந்த மனுசன் தெனம் எம் பெஞ்சுல குந்திக்கினு, 'எம் மாப்ள ஒரே ஒரு நாளு எந்த ஹார்ட்டையும் போட்டோ புடிக்காம வூடு வந்து சேந்தான்னா, புள்ள தேறிட்டான்னு அன்னிக்கே பஸ் ஏறிடுவேன்'னு அழுவுறாருய்யா!"