என் வீட்டு ஏசி ஏலம்

அந்தப் புதன்கிழமை காலை ஒரு முடிவெடுத்தேன். இனி இந்த வீட்டில் என் சம்பளம் என் கையில்தான் இருக்கும்!

திடீரென்று வந்த வீரம் அல்ல இது. பதினோரு வருடமாக ஊறிய வீரம். என் ஏடிஎம் கார்டு என் மனைவி தமிழ்செல்வியின் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவே குடியிருக்கிறது. தீபாவளிக்கு வெளியே வந்தால் மெஷினே தும்மும். எனக்கென்று மிச்சம் இருப்பது என் போனும், அதிலிருந்து பணம் அனுப்ப நான் மட்டும் அறிந்த நான்கு எண்களும்தான். என் டீ, என் வடை, என் மானம் எல்லாம் அந்த நான்கு எண்களில் ஓடுகின்றன.

கார்டை மீட்கும் வழியை எங்கள் ஏசி காட்டியது. செவ்வாய்க்கிழமையே அது படுத்துவிட்டது. சத்தம் வருகிறது, குளிர் வரவில்லை. காற்றும் கொட்டாவி மாதிரி வருகிறது. போதாததற்குக் கட்டில் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அண்ணாந்து பார்த்தால் மலை தெரிகிறது. மேலே போடிமெட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜீப்பில் போகிறார்கள். கீழே போடியில் நான் காயப்போட்ட பச்சை ஏலக்காய் மாதிரி சுருங்கிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, கட்டில்ல உக்காந்து ஏலக்காயப் பொடச்சது போதும். யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்றாள் தமிழ்செல்வி.

நான் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். ஏல மையத்தில் அவருக்காக விலை கேட்பவன் நான்தான். இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஏலம். திரையில் ஒருவன் விலை சொன்னால், நான் பட்டனைத் தட்டி அதற்கு மேல் சொல்ல வேண்டும். ஏலம் முடிந்ததும் மாதிரிக் காயை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏசிக்கு நேர் கீழே முறத்தில் கொட்டி, காம்பு திருகி, தூசி ஊதி, தரம் பார்ப்பேன். குளிர்ச்சியில் காயின் பச்சை மாறாது. தொழில் ரகசியம்!

"யாரையாவது கூட்டிட்டு வர்றதா? தமிழு, பதினெட்டு வருசமா ஏலத்துல உக்காந்திருக்கேன். இந்த ஏசி ரிப்பேரையும் ஏலம் விடப்போறேன். மூணு மெக்கானிக்க வரச்சொல்லுவேன். யாரு கொறச்சுக் கேக்குறாகளோ அவுகளுக்கு வேலை."

"என்ன ரிப்பேருன்னே தெரியாம எதை ஏலம் விடுவீக?"

"ரிப்பேரு முக்கியமில்ல. ரேட்டுதான் முக்கியம்!"

"அவுக கேஸு போயிருச்சும்பாக. கேஸு என்ன வண்டிப் பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? குழாயில ஓட்டை விழுந்தாத்தான் கொறையும். ஓட்டைய அடைக்காம நெரப்புனா அடுத்த மாசமும் அழுவணும். போர்டு போச்சும்பாக. அப்ப பழைய போர்ட கையில வாங்கிப் பாக்கணும். முதல்ல மூடியத் தொறந்து என்னான்னு..."

"உனக்கு இதெல்லாம் யாரு சொன்னது?"

"கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"கேட்டுத் தெரிஞ்சுக்கிறது வேற. ஏலத்துல தெரிஞ்சுக்கிறது வேற. பந்தயம் கட்டு! ரெண்டாயிரத்துக்குள்ள நான் முடிச்சுட்டா ஏடிஎம் கார்டு என் கைக்கு வரணும்."

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "முடிக்கலேன்னா?"

"என் போன் ரகசிய எண்ணையும் உனக்கே தந்துர்றேன்!"

சொன்ன பிறகுதான் என் டீயும் வடையும் ஞாபகம் வந்தன. ஆனால் சொல்லிவிட்டேன்.

"சரி" என்றாள். இவ்வளவு வெரசாக அவள் எதற்கும் சரி சொன்னதே இல்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். "ஏலத்துல நானும் கேக்கலாம்ல?"

"தாராளமா! சபைன்னா யாரு வேணாலும் கேக்கலாம். ஆனா மூணு தரம் சொல்லிட்டா சொன்ன வெல சொன்னதுதான். பேச்சு மாறக்கூடாது."

"நான் மாறமாட்டேங்க" என்று வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மூன்று மெக்கானிக்குகளும் வந்தார்கள். சிவக்குமார் காதில் ஒரு போன், கையில் ஒரு போன். சிலமலைச் சின்ராசு பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டே நின்றார். மூன்றாமவர் கன்னையன், வயதானவர். வந்த கூலி ஆளுக்கு முந்நூறு என்று தமிழ்செல்வி முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. ஏல நாளில் வருமே, அதே ஜிவ்!

"ஏசி குளிர மாட்டேங்குது. கேளுங்க!"

சிவக்குமார் ஏசியை வாசலிலிருந்தே பார்த்தார். "கேஸு போயிருச்சுண்ணே. ஆறாயிரம்."

"அஞ்சாயிரத்து ஐநூறு" என்றார் சின்ராசு.

"கீழ வாங்க, கீழ வாங்க!"

"நாலாயிரம்ணே!"

"மூவாயிரத்து ஐநூறு!"

"அண்ணே, மூவாயிரம், கேஸு ஒரிஜினலு!"

"அப்ப என் கேஸு டூப்ளிகேட்டா? நான் ரெண்டாயிரத்து ஐநூறு!"

விலை மலையிலிருந்து பிரேக் பிடிக்காத ஜீப் மாதிரி இறங்கியது. கன்னையன் மட்டும் வாயே திறக்கவில்லை. டீயைக் குடித்துக்கொண்டு முறத்தில் இருந்த ஏலக்காயைப் பார்த்தார். பிறகு ஏசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏலம் தெரியாத மனுசன் என்று இரக்கப்பட்டேன்.

"ஆயிரத்து நானூறு!" என்று சின்ராசு பல்லைக் கடித்தார். சிவக்குமார் கையை விரித்துவிட்டார்.

ஆயிரத்து நானூறு! கார்டு என் சட்டைப் பையில் விழுந்தேவிட்டது. வெந்தய வாசனையைக் கழுவ என்ன சோப்பு வாங்கலாம் என்றுகூட யோசித்தேன். கையைத் தூக்கினேன். "ஒரு தரம்! ரெண்டு தரம்!"

அந்த நேரம் தமிழ்செல்வி மோர்த் தட்டோடு வந்தாள். யாரையும் பார்க்காமல், மோரைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டாயிரம்."

என் விரல் நாற்காலிக் கையைத் தட்டியது. என் வாய் சொன்னது: "ரெண்டாயிரத்து நூறு!"

"ரெண்டாயிரத்து ஐநூறு."

"அறுநூறு!"

"மூவாயிரம்."

"மூவாயிரத்து நூறு!"

எனக்கு அப்போது வீடு தெரியவில்லை. ஏசி தெரியவில்லை. எதிரில் ஒரு ஆள், அவர் வாயில் ஒரு விலை. அதற்கு மேல் சொல்லாவிட்டால் ஏலச் சரக்கு கைவிட்டுப் போய்விடும்! விரல் டொக், டொக் என்று தட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, ஏறுதுண்ணே" என்றார் சின்ராசு. மோர் அவர் கையில் தளும்பியது.

"ஏறட்டும்! பதினெட்டு வருசத்துல நான் யாருக்கும் விட்டதில்ல!"

"நாலாயிரம்" என்றாள்.

"நாலாயிரத்து நூறு!"

"நாலாயிரத்துத் தொள்ளாயிரம்."

"அஞ்சாயிரம்!"

தமிழ்செல்வி பெருமூச்சு விட்டாள். "எனக்குக் கட்டாதுங்க. நீங்களே எடுத்துக்கங்க."

நான் துள்ளி எழுந்தேன். "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்! அஞ்சாயிரத்துக்கு முடிஞ்சது! எனக்குத்தான்!"

கை தட்டினேன். என்னோடு சேர்ந்து தட்டியது சின்ராசு ஒருவர்தான். அவர் ஏன் இவ்வளவு சந்தோஷமாகத் தட்டுகிறார் என்று யோசித்தேன். யோசித்ததும் கை நின்றது.

"கன்னையண்ணே, இனிமே நீங்க பாருங்க" என்றாள் தமிழ்செல்வி.

கன்னையன் டீத் தம்ளரைக் கீழே வைத்து, ஸ்டூலில் ஏறி, ஏசியின் முன்மூடியைத் திறந்தார். தூசியைத் தடுக்கும் வலையை உருவினார். வலையா அது? பச்சைக் கம்பளி! பதினெட்டு வருட அனுபவத்தோடு நான் ஊதிய ஏலக்காய்த் தூசி முழுக்க அதில் அப்பியிருந்தது. ஊரிலேயே மணமான ஏசி எங்களுடையதுதான்.

"காத்துப் போக வழியில்ல தம்பி. உள்ள ஐஸு கட்டி, அதான் கட்டில்ல சொட்டியிருக்கு. கேஸு அப்படியேதான் இருக்கு."

குழாயில் காட்டிக் கழுவினார். உதறி மாட்டினார். சற்று நேரத்தில் குளிர்ந்தது பாருங்கள், எனக்குப் போடிமெட்டே இறங்கி வந்த மாதிரி இருந்தது. சிவக்குமார் முக்கியமான போன் ஒன்று வந்ததாகச் சொல்லி நகர்ந்தார். அவர் போன் அடிக்கவே இல்லை.

"அப்ப அந்த அஞ்சாயிரம்..." என்றார் சின்ராசு.

"அது கேஸுக்குச் சொன்ன வெலதான? கேஸுதான் கொறையலையே. வந்த கூலி முந்நூறு. மோரக் குடிங்க" என்றாள் தமிழ்செல்வி.

அவர்கள் கிளம்பிய பிறகு மெதுவாகக் கேட்டேன். "வலையில அடைப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமையே. கன்னையண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். வலையக் கழட்டிக் கழுவும்மா, செலவே இல்லன்னாரு."

"அடிப்பாவி! அஞ்சு நாளா வெந்துக்கிட்டு இருந்தேனே! அன்னைக்கே கழுவியிருக்கலாம்ல?"

"கழுவியிருக்கலாம். அப்புறம் உங்க ரகசிய எண்ணு எனக்கு எப்படிக் கிடைக்கும்?"

"மூணு தரம் சொல்லி நீங்க முடிச்சது அஞ்சாயிரம், பந்தயம் ரெண்டாயிரம். சொன்ன வெல சொன்னதுதான்" என்று கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். நான்கு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் தட்டினாள். மூன்று மெக்கானிக்குகளுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. போன் மட்டும் என் கைக்குத் திரும்பி வரவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் வடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டரின் போனில் வீட்டைக் கூப்பிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்: "தமிழு, ஒரே ஒரு பத்து ரூவா அனுப்பும்மா."