1908-ஆம் வருடத்து டேக்சா

“எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை.” – பெயர்ப்பலகை, ஆம்பூர் கடைத்தெரு, வடக்குப் பக்கம்.

“எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை.” – பெயர்ப்பலகை, அதே தெரு, தெற்குப் பக்கம்.

இரண்டுமே பிரியாணிக் கடைகள். வடக்கே பஷீர் பாய். தெற்கே அவருடைய சித்தப்பா மகன் அன்வர் பாய். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பலகைகளும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் எந்தக் கடை மூத்தது என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. சாதாரண மனிதன் இதைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே போய் அரை பிளேட் சொல்வான். நான் ஆராய்ச்சி செய்தேன்.

அப்போது எனக்கு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. வாரம் முழுக்க இடது ஷூவுக்கும் வலது ஷூவுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் தேடுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க வராது. வேலூரிலிருந்து ஆம்பூர் வரை பழைய லாட்ஜ், மெஸ், டீக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கி, எது எந்த வருடம் திறந்தது என்று விசாரிப்பேன். ஊரின் வரலாறு கோட்டையில் இல்லை, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வேன். (பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அன்று தோன்றவில்லை.)

இந்த நேரத்தில்தான் என் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். தேதியை எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு. தேதி இல்லாமல் நான் எழுதும் ஒரே கட்டுரை இதுதான். காலையில் பள்ளிகொண்டாவில் சர்ச், மதியம் பக்கத்து மண்டபத்தில் விருந்து. பிரியாணி பஷீர் பாய் பொறுப்பு. கத்திரிக்காயும் வெங்காயப் பச்சடியும் மண்டபத்துச் சமையல்காரர் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாப்பிள்ளையின் பெயரை மறப்பார்கள். கறி வெந்திருந்ததா என்பதை மறக்க மாட்டார்கள். வாலாஜாபேட்டைச் சம்பந்தி வீட்டில் அம்மா பெருமையாகச் சொல்லி வைத்திருந்தது ஒன்றுதான்: “சாப்பாடு ஆம்பூர்லேர்ந்து வருதுங்க.”

கல்யாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளையின் அப்பா தேவசகாயம் மாமா ஷூ வாங்க ஆம்பூர் வந்தார். ஷூ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றி விட்டிருக்கலாம். நான் அவருக்கு ஆம்பூரைச் சுற்றிக் காட்டினேன்.

“இந்த லாட்ஜுல தோல் வாங்க வர்ற வியாபாரிங்க தங்குவாங்க, மாமா. ரூம்ல தோல் நாத்தம்னு யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணதே இல்லியாம். அவங்க மேலயும் அதே நாத்தம்தானே!”

“ஓகோ” என்றார் மாமா. “பசிக்குது தம்பி.”

அடுத்து ஸ்டேஷன் அருகே ஒரு டீக்கடையின் பரம்பரையை விளக்கினேன். மூன்றாவது தலைமுறைக்கு வந்தபோது மாமா, “தம்பி, நான் சுகர் பேஷன்ட். டைமுக்குத் துன்னணும்” என்றார். அறிவுப் பசியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு அழைத்துப்போனேன்.

ஆர்டர் பஷீர் பாயிடம் என்றாலும், நடுநிலை ஆய்வாளன் எதிர்க்கட்சியையும் விசாரிக்க வேண்டும் அல்லவா? அன்வர் பாய் கடைக்குள் நுழைந்து நேரே அடுப்படிக்குப் போனேன். அங்கே ஒரு செம்பு டேக்சா, அதாவது பிரியாணி ஆக்கும் பெரிய அண்டா. அதன் விளிம்பில் உளியால் பொறித்த எண்: 1908. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“பாய், இந்த டேக்சா இங்க எவ்ளோ காலமா இருக்கு?”

“அது கெடக்குது சார், ரொம்ப நாளா” என்றார் அன்வர் பாய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. (அதைத் தன்னடக்கம் என்று நினைத்தேன்.)

மாமாவை நடுத்தெருவுக்கு இழுத்துவந்து, நாலு பேர் திரும்பிப் பார்க்கும் குரலில் தீர்ப்பு வழங்கினேன். “மாமா, இதான் அசல் கடை. எதிர்ல இருக்கறது பின்னாடி வந்தது.”

எதிர்க்கடைக் கல்லாவிலிருந்து பஷீர் பாய் எழுந்து வந்தார். “இன்னா சார் சொன்னீங்க? அவன் அசலு, நான் டூப்ளிகேட்டா?”

“நான் சொல்லலை பாய், சரித்திரம் சொல்லுது. அவர் டேக்சாவுல வருஷமே போட்டிருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு!”

பஷீர் பாய் முகம் மாறியது. விறுவிறுவென்று அன்வர் பாயின் அடுப்படிக்குள் போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். டேக்சாவின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“போனை எடுங்க சார். என் நம்பரைப் பாருங்க. கடைசி நாலு நம்பரைச் சத்தமா படிங்க.”

படித்தேன். “ஒண்ணு… ஒம்போது… சைபர்… எட்டு.”

கல்யாண வீடுகளுக்குப் போகும் டேக்சாக்கள் மாறிவிடாமல் இருக்க, செல் நம்பரின் கடைசி நான்கு எண்களைப் பொறித்து வைப்பது கடைக்காரர்கள் வழக்கமாம். அதே நம்பருக்குத்தான் அன்று காலை நானே போன் செய்து, “நாளைக்கு மறந்துடாதீங்க பாய்” என்று சொல்லியிருந்தேன்.

பஷீர் பாய் அன்வர் பாய் பக்கம் திரும்பினார். “எங்க போச்சுன்னு ஊரெல்லாம் தேடிக்கினு இருக்கேன். நீ இங்க வெச்சு ஆக்கிக்கினு இருக்கியாடா?”

“மண்டபத்துல மாறி வந்துச்சு பாய்! நீதான் எங்கிட்ட பேசறதில்லியே, எப்டி குட்க்கறது?”

“பேசலன்னா டேக்சாவுக்குக் கால் இல்லியா?”

“இருந்தா அதுவே வந்திருக்குமே!”

நான் சமாதானம் செய்யப் போனேன். அதுவரை ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“நாளைக்கு அசல் கடையிலயே வாங்கிக்கோங்க சார்” என்றார் பஷீர் பாய்.

“நடுரோட்டுல என்னைத் திருடனாக்கிட்டு, எங்கிட்டயே பிரியாணியா?” என்றார் அன்வர் பாய்.

தேவசகாயம் மாமா மூவரையும் பார்த்தார். லாட்ஜ் பற்றியோ டீக்கடை பற்றியோ ஒரு கேள்விகூடக் கேட்காதவர், முதல் முறையாகக் கேட்டார்: “அப்போ… நாளைக்கு?”

முகூர்த்த நாள். இரவுக்குள் கேட்ட எல்லாக் கடையிலும் அடுப்பு காலியில்லை. மறுநாள் பந்தியில் வெள்ளைச் சோறு, கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. மாப்பிள்ளையும் பெண்ணும் வராமல் தோழன், தோழி மட்டும் மேடையில் நிற்கும் கல்யாணம்போல இருந்தது இலை. “இது ஒரு ஸ்பெஷல் மெனு” என்று அம்மா வாசலில் நின்று சொன்னாள். ஸ்டெல்லா என்னோடு எடுக்க வேண்டிய போட்டோவுக்கு வர மறுத்தாள். ஆல்பத்தில் நான் இல்லை. மாமா மட்டும் பொறுமையாகச் சாப்பிட்டுக் கை கழுவி வந்து விசாரித்தார்: “கத்திரிக்கா எந்த வருஷத்துது தம்பி?”

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஓ.டி.பி. வந்தால் முதலில் என்னிடம் காட்டுகிறார்கள். “மாமா, இந்த வருஷம் எந்த ஹோட்டல் தொறந்தாங்க?” என்று ஸ்டெல்லாவின் மகள் கேட்கிறாள். பஷீர் பாயும் அன்வர் பாயும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் என்னைப் பற்றி. எது மூத்த கடை என்று நான் பிறகு விசாரிக்கவில்லை.

வேறொரு செய்தியைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மண்டபத்திலிருந்து மணமக்களின் கார் கிழக்கே வாலாஜாபேட்டைக்குப் போக வேண்டும். அது மேற்கே ஆம்பூருக்குப் போனதாகவும், மாலையும் கழுத்துமாக இருவரும் பஷீர் பாய் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதாகவும், அன்வர் பாய் எதிரிலிருந்து பச்சடி கொடுத்தனுப்பியதாகவும் கேள்வி. பாய்கள் இருவரும் சிரிக்கிறார்கள். சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கார் எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துவிடுமே, அன்றைய டோல்கேட் மெசேஜைக் காட்டு என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவள் போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். ஆகவே இச்செய்தி இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.