ஒன்பதாவது ஒயர்

"எட்டே போதும்னு நான் சொல்றேன்…"

"பதினாறு வாங்குங்கன்னு நான் காலையிலேர்ந்து…"

"எட்டு ஓட்டை இருக்கு. ஏழு ஃபோன், ஒரு இன்டர்நெட் ஒயர். ஏழும் ஒண்ணும் எட்டு. இதுல உனக்கு என்ன சந்தேகம்?"

"கூட்டல்ல எனக்குச் சந்தேகம் இல்லைங்க. கூட்டறவர் மேலதான்."

மூன்றாவது மாடியில், லிஃப்ட் பராமரிப்பு அலுவலகத்தின் முதலாளியும் அவர் மனைவியும் சாப்பாட்டு டப்பா அளவுள்ள ஒரு பெட்டிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் ஸ்விட்ச் என்றுதான் பெயர். ஆனால் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. அலுவலகத்து இன்டர்நெட் ஃபோன்களின் ஒயர்கள் எல்லாம் வந்து கூடுகிற இடம். பழையது நேற்று மாலை லேசான கருகல் வாசனையோடு கண்ணை மூடிவிட்டது. அதோடு எல்லா ஃபோன்களும் ஊமையாகிவிட்டன.

புதியதைக் கையில் வைத்துக்கொண்டு ஒயர்மேன் நடுவில் நின்றார். யார் பேசினாலும் அவர்கள் பக்கம் தலையாட்டினார்.

"சார், பதினாறும் வண்டியில இருக்கு. கொண்டாரட்டுமா?"

"வேண்டாம்."

"கொண்டாங்க."

"இதையே மாட்டுங்க. மணி ரெண்டேமுக்கால் ஆச்சு."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு பெரிய குடியிருப்பின் செயலாளர் நான்கு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். அங்கே பன்னிரண்டு லிஃப்டுகள். பராமரிப்பு ஒப்பந்தம் தருவதற்கு அவருக்கு இருந்தது ஒரே நிபந்தனை: மூன்று ரிங்குக்குள் ஃபோனை எடுக்க வேண்டும். எங்கிருந்து, எந்த நம்பரிலிருந்து கூப்பிடுவேன் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

"பொல்லாத மனுஷன்," என்றார் முதலாளி. "போன கம்பெனிக்கு நேரா போய், வாசல்ல நின்னுக்கிட்டே செல்லுல கூப்பிட்டாராம். உள்ள ஃபோன் அடிக்குது, எல்லாரும் டீ குடிச்சிட்டு உக்காந்திருக்காங்க. அப்படியே திரும்பிப் போயிட்டாராம்."

ஒப்பந்தம் வராவிட்டால் இரண்டு மெக்கானிக்குகளில் ஒருவரை நிறுத்தியாக வேண்டும். அதற்கான கடிதம் பத்து நாளாக முதலாளியின் மேஜை இழுப்பறையில் கிடந்தது. மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் இழுப்பறையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். கடிதத்தைத் தட்டச்சு செய்த மனைவிக்கும் பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை. அதனால்தான் இருவரும் ஸ்விட்சைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

மேல் மாடியில் யாரோ அலமாரி செய்துகொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஆணி அடிக்கும் சத்தம்.

ஒயர்மேன் மண்டியிட்டு ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகினார். எட்டும் நிரம்பிற்று. கையில் நீல நிறத்தில் ஒன்று மிச்சம் இருந்தது.

"சார், ஒன்பது இருக்கு."

முதலாளியின் மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையே நீளமாக இருந்தது.

"இது எங்க போகுது?" என்றார் முதலாளி.

"சுவத்துக்குள்ள போகுது சார்."

"சுவத்துக்குள்ள எங்க?"

"அதான் சார், சுவத்துக்குள்ள."

"பழைய பெட்டியில மாட்டியிருந்ததுங்க. ஏதோ வேலைக்குத்தானே மாட்டியிருப்பாங்க?" என்றார் மனைவி.

"ஏழு ஃபோனையும் அடிச்சுப் பார்ப்போம். ஏழும் அடிச்சா இது தண்டம்."

அடித்துப் பார்த்தார்கள். நான்கு அடித்தன. மூன்று, முகத்தில் வெளிச்சமே இல்லாமல் கிடந்தன.

ஒயர்மேன் பெட்டியைத் திருப்பிப் படித்தார். "இதுல மொத நாலு ஓட்டைலதான் சார் ஃபோனுக்குக் கரன்ட்டும் சேர்ந்து போகும். மத்த நாலுல பேச்சு மட்டும்தான் போகும்."

"வெறும் பேச்சு மட்டுமா?" என்றார் மனைவி. "தேடித் தேடி உங்களை மாதிரியே வாங்கியிருக்கீங்க."

"பதினாறுல எல்லாத்துலயும் கரன்ட் வரும் மேடம்."

"அவளுக்கு எடுத்துக் குடுக்காதீங்க ஐயா. இந்த மூணுக்கும் தனித்தனியா கரன்ட் குடுக்க வழி இருக்கா இல்லையா?"

இருந்தது. ஒயர்மேன் பையிலிருந்து மூன்று அடாப்டர்கள் எடுத்தார். சுவரில் இடமில்லாததால், வெந்நீர்க் கெட்டிலும் பிரின்டரும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியிலேயே அவற்றையும் செருகினார். நீல ஒயரை முதலாளி தன் கையாலேயே அழகாகச் சுருட்டி ஓர் ஆணியில் மாட்டினார்.

மூன்று முப்பத்தைந்துக்கு ஏழு ஃபோன்களும் கண் விழித்தன. முதலாளி வெற்றியோடு கெட்டிலைப் போட்டார்.

டப்.

விளக்கு, விசிறி, ஏழு ஃபோன் எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன. மாடிப்படியிலும் இருட்டு.

"கட்டடத்துக்கே போயிடுச்சுங்க," என்றார் மனைவி, மெதுவாக.

"கெட்டிலை அணைச்சுட்டேன். கீழ மெயின் விழுந்திருக்கும். ஐயா, கொஞ்சம் ஓடுங்க."

ஒயர்மேன் ஓடினார். சிறிது நேரத்தில் கரன்ட் வந்தது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒயர்மேன் வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு.

"லிஃப்ட் கம்பெனிக்கு வந்துட்டுப் படியேறி வர்றீங்களே!"

"பட்டனை அழுத்தினேன் சார். வரல. யாரோ பிடிச்சு வச்சிருக்காங்க போல."

"இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் ஒழுங்கா கதவைச் சாத்தத் தெரியாது," என்று முதலாளி சலித்துக்கொண்டார். "அப்புறம் பார்த்துக்கலாம். கெட்டிலைப் பிடுங்குங்க."

நான்கு அடிக்க இரண்டு நிமிடம். எல்லாரும் வரவேற்பு மேஜையைச் சுற்றி நின்றார்கள். அங்கே ஃபோன் எடுக்கிற அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் அதிகம் பேச மாட்டார், பேசுவதெல்லாம் ஃபோனில்தான்.

மணி நான்கு.

ஃபோன் அடிக்கவில்லை. மேல் மாடிக்காரர்கள் ஆணியை விட்டுவிட்டு இப்போது தகரத்தை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள் போல. டங், டங், டங். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் டங், டங், டங்.

"இந்தச் சத்தத்துல ஃபோன் அடிச்சாக்கூடக் கேக்காது. கதவைச் சாத்து."

மனைவி வாசல் கதவைச் சாத்தினார். சத்தம் அடங்கியது.

நான்கு பத்துக்கு முதலாளி பொறுக்க முடியாமல் தன் செல்லிலிருந்து அலுவலகத்துக்கு அடித்தார். ஃபோன் கணீரென்று ஒலித்தது. அக்கா எடுத்து, எதிரில் நின்ற முதலாளியிடமே, "வணக்கம், சொல்லுங்க," என்றார்.

"பாரு, நல்லா வேலை செய்யுது."

"நல்லாத்தான் செய்யுது. நீங்க அடிச்ச அந்த நேரம் பார்த்து அவர் அடிச்சிருந்தா?"

முதலாளி செல்லை மெல்ல மேஜைமேல் வைத்தார். அது அவருக்குத் தோன்றவில்லை.

நான்கரை. அவர் தன் அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார். கடிதத்தை எடுத்து வெளியே வைத்தார். மனைவி பின்னாலேயே வந்து, அதை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தார்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்றார். சண்டைக் குரல் இல்லை.

"நீ சொன்ன மாதிரியே பதினாறு வாங்கியிருக்கலாம்."

"இப்ப வாங்கலாமே. ஐயா, அதைக் கொண்டாந்து மாட்டிடுங்க. அந்த நீல ஒயரையும் சேர்த்து. எங்க போனா என்ன, பாவம், அதுவும் இருந்துட்டுப் போகட்டும்."

ஒயர்மேன் மறுபடியும் படியிறங்கி, படியேறி வந்து, ஒயர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசியாக ஆணியிலிருந்து நீல ஒயரை எடுத்துச் செருகினார். அதன்மேல் ஒரு சின்னப் பச்சை விளக்கு மினுங்கியது.

இரண்டே நிமிடத்தில் வரவேற்பு மேஜை ஃபோன் அடித்தது.

முதல் ரிங் முடிவதற்குள் அக்கா எடுத்துவிட்டார். "வணக்கம், சொல்லுங்க." பிறகு, "ஆமாங்க." பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதலாளி அறையிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். "யாரு?"

அக்கா ரிசீவரைப் பொத்திக்கொண்டார். "அந்தச் செயலாளர்தான் சார்."

"ஒரே ரிங்!" முதலாளி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ரிங்ல எடுத்துட்டோம்! கோவமா இருக்காரா?"

"ரொம்பக் களைப்பா இருக்கார் சார். நாலு மணிக்கு முன்னாடியிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாராம். செல்லுல சிக்னல் இல்லையாம், அங்க இருக்கற அவசர ஃபோன்லேர்ந்துதானாம்."

"பரவாயில்ல, பரவாயில்ல. நானே இப்பவே நேர்ல போய் விளக்கம் சொல்லிடறேன். எவ்வளவு தூரமா இருந்தாலும் சரி. எங்க இருக்கார்னு மட்டும் கேளுங்கம்மா."

"கேட்டுட்டேன் சார். நம்ம ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல இருக்காராம்."