பூப்போட்ட முள்கரண்டி

சாப்பிட வாங்கிய சாமானைக் கும்பிட வைத்திருக்கும் ஓர் இனம் நம் நடுவே உலவுகிறது. பார்த்திருப்பீர்கள். கண்ணாடி அலமாரிச் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும்; வீட்டார் நெளிந்த ஸ்பூனில் சாப்பிடுவார்கள். கேட்டால், "அது விருந்தாளிங்களுக்கு" என்பார். விருந்தாளி வந்தால்? "இவங்களுக்கு என்ன ரசனை தெரியும்!"

டைல்ஸ் கடை மேலாளரான நம் வேலைப்பாட்டார் (பெயர் வைத்தது அவர் மனைவி) இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய முள்கரண்டிகளின் கைப்பிடியில் கொடி படரும், கொடியில் இலை விரியும், இலையின் நுனி உள்ளங்கையைக் குத்தும். கைப்பிடி முடியும் இடத்தில் ஒரு பூ, அந்தப் பூவின் இதழ்களைப்போலப் பற்கள் ஆளுக்கொரு திசையில் வளைந்திருக்கும். அதில் எதைக் குத்தி எடுப்பது? அந்தக் கவலை அவருக்கு எதற்கு?

மனைவி சொன்ன ஏதோ ஒரு சொல்லுக்குக் கோபித்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக வாசல் மிதிக்காத அவளுடைய அண்ணன் ஒருநாள் சாப்பிட வந்தார்.

"இன்னைக்காவது எங்கண்ணன் வயிறார சாப்பிட்டுட்டுப் போகணும். நீங்க வாயத் தெறக்காதீங்க" என்று மனைவி கெஞ்சியிருந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை, அலமாரியைத் திறந்தார்.

பூ பின்பக்கம் என்பதால் கரண்டிகளைக் கவிழ்த்து வைத்தார். அண்ணன் நிமிர்த்தினார்.

"மச்சான், திருப்பாதீங்க! வேலைப்பாடு பின்னாடிதான் இருக்கு."

அண்ணன் கவிழ்த்தபடியே உருளைக்கிழங்கைக் குத்தினார். அது மடியில் விழுந்தது.

"அந்த இலை நரம்பைப் பாருங்க மச்சான்!"

அடுத்த துண்டு டம்ளரில் விழ, தண்ணீர் முகத்தில் தெறித்தது. அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மனைவி பதறி ஓடிவந்தாள். போச்சு, இனி இந்த ஜென்மத்தில் வரமாட்டார்.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். "ஏம்மா, இந்த மனுஷனோடவா இத்தனை வருஷமா குடும்பம் நடத்துற?"

"ஆமாண்ணே."

"இது தெரிஞ்சிருந்தா நான் உன்கிட்ட கோவிச்சிருக்கவே மாட்டேனே!"

அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து, கையாலேயே பிசைந்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வேலைப்பாட்டாரோ கரண்டிகளைத் துடைத்துப் பூட்டிவிட்டு, "பாத்தியா, எல்லாம் அந்தப் பூவோட ராசி!" என்றார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே ஒன்று சொல்லுங்கள்: உங்கள் டிவி ரிமோட்டோடு வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லையே, அது யாருக்காக?