பேய்க்கும் நாவூறு படும்

ஓட்டை விழுந்த பெட்ஷீற்றைப் பார்த்து ஆனந்தப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் கானிவேல் அண்ணை.

சுவிஸில் கூர் நகரத்தில் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்ச் சலவை அறையில் அவரும் நானும் வேலை செய்தோம். மேலே உல்லாசப் பயணிகள் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கீழே நாங்கள் அவர்களுடைய அழுக்குத் துணி மலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதக் காலை ஒன்றில், அந்த மலைக்குள்ளிருந்து அண்ணை ஒரு வெள்ளை விரிப்பை உருவினார். நட்ட நடுவில் இரண்டு வட்ட ஓட்டைகள். யாரோ அளவெடுத்துக் கத்தரித்தவை. வேறு யாராவது என்றால் மேற்பார்வைக்காரியிடம் ஓடியிருப்பார்கள். அண்ணை அதைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, ஓட்டைகளுக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இதென்ன தெரியுமோ?"

"ஹோட்டலுக்கு நட்டம், அண்ணை."

"இல்லை. இதுதான் கானிவேல்!"

மேல்மாடியில் ஓர் அமெரிக்கக் குடும்பம் தங்கியிருந்தது. துவாய் கொடுக்கப் போன அண்ணை, அரை இங்கிலிசிலும் மீதியைக் கைகளாலும் பேசி முழு விபரத்தையும் கறந்துகொண்டு வந்திருந்தார். ஒக்டோபர் முடிகிற நாளில் அவர்களுடைய ஊரில் பிள்ளைகள் பேய் வேஷம் போடுவார்களாம். பூசணிக்காயில் முகம் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்களாம். பயந்தவர்கள் பயமுறுத்தியவர்களுக்கு இனிப்புக் கொடுப்பார்களாம். அதற்கு ஹலோவீன் என்று பெயராம். பிள்ளைகள் ஒத்திகை பார்த்ததில்தான் ஹோட்டல் விரிப்புக்குக் கண் திறந்திருந்தது.

அண்ணையின் உண்மையான பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களும் விளையாட்டுக் கழகங்களும் காசு சேர்க்கக் கானிவேல் போட்ட காலத்தில், மரணக் கிணற்றுக்குப் பக்கத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவர் அவர்தானாம். அந்த மைக்கை அவர் பிறகு கீழே வைக்கவேயில்லை. சலவை அறையிலும் ஓடும்: "இதோ, இதோ, உயிரைப் பணயம் வைத்து மூன்றாம் நம்பர் மெசின் தன் கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது! பெரியோர்களே, தாய்மார்களே, சற்று விலகி நில்லுங்கள்!" நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம். நான் விலகி நிற்பேன். மேற்பார்வைக்காரிகூட அவரை 'ஹெர் கானிவேல்', அதாவது திரு. கானிவேல், என்றுதான் கூப்பிட்டாள்.

இந்த எண்பதுகளில் சுவிஸுக்கு வந்து சேர்ந்த எங்களுக்கு அப்போது ஓர் இடம் தேவைப்பட்டது. எல்லாக் குடும்பமும் சின்னச் சின்ன அறைகளில். பிள்ளைகள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் தன் கூரையை இடிப்பார். அதனால் எங்கள் பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடுவதைக்கூட நுனிக்காலில்தான் விளையாடினார்கள். பிடிபட்டவன் சத்தம் வராமல் சிரிக்கப் பழகியிருந்தான். தெருமுனையில் தேவாலய மண்டபம் ஒன்று சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடந்தது. போய்க் கேட்டோம். அந்த மண்டபத்தைப் பராமரிக்கிறவரை இங்கே 'அப்வார்ட்' என்பார்கள். மலைக் கிராமத்தில் பிறந்த மனிதர். கதவைத் திறக்கும் முன்பே 'இல்லை' என்று சொல்லத் தொடங்கிவிடுவார்.

கடைசியில் சமூகசேவைப் பெண்மணி ஃபிராவ் ஹூபர் ஒரு வழி சொன்னார். "அக்கம்பக்கத்துக் குடும்பங்களை அழைத்து மண்டபத்தில் ஒரு விழா செய்யுங்கள். ஒழுங்காக நடந்தால் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகள் உங்களுக்கு. குழப்பம் வந்தால் நானும் ஒன்றும் செய்ய முடியாது. அப்வார்ட் சொல்வதுதான் முடிவு."

என்ன விழா செய்வது என்று நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதுதான் விரிப்பில் ஓட்டை விழுந்தது.

"எங்கட பண்டிகையைக் காட்டினா அவைக்கு என்ன விளங்கும், பிள்ளை? அவையின்ட பண்டிகையை நாங்கள் செய்து காட்டினா மனம் குளிர்ந்து போவினம்."

"அண்ணை, அது அமெரிக்காக்காரர். இது சுவிஸ்."

"வெள்ளை வெள்ளைதானே! சலவைக்குப் போட்டா எல்லாம் ஒரே மெசின்தான்."

சலவைத் தொழிலாளி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன். அப்போது எனக்கு இருந்த வேகத்துக்கு, நம்புவதற்கு இதைவிடக் குறைந்த காரணம் போதும்.

மலர் அக்கா வீட்டில் கூட்டம் கூடியது. நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலில் தலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர் எல்லாம் தெரிவாக வேண்டும். தெரிவு முடிந்தபோது எல்லோருக்கும் பதவி இருந்தது. வேலை செய்ய ஆள் இல்லை. அண்ணை ஒரு பதவியும் வேண்டாம், மைக் மட்டும் போதும் என்றார். பிறகு மரணக் கிணறு ஒன்று சேர்த்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார். அப்வார்ட்டின் சைக்கிளை அவர் சில நாட்களாக ஒரு மாதிரிப் பார்த்துவந்தது எனக்குத் தெரியும். பெண்கள் ஒரே குரலில் மறுத்தார்கள்.

தாய்மாரின் தலைவி மலர் அக்காதான். அவர் பேயிலேயே பிடித்துக்கொண்டார்.

"பேயளுக்குத் தப்பித்தானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்? இஞ்சயும் பேய்க்கு விழாவோ?"

"தங்கச்சி, அது வேற பேய். இது இனிப்புக் குடுத்தாப் போயிடும்."

"மங்கள விளக்கு ஏத்தாமல் ஒரு விழாவும் நடவாது, சொல்லிப்போட்டன்."

"விளக்கேத்தினா எந்தப் பேய் அண்ணை வரும்?" என்று நான் கேட்டேன்.

"விளக்கேத்தின பிறகும் வாற பேய்தான் நல்ல பேய். நிகழ்ச்சி நிரலில எழுதும், பிள்ளை."

இப்படியாக விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, அதற்குப் பிறகு பேய் என்று முடிவாயிற்று. மலர் அக்கா போகும்போது கேட்டார்: "அண்ணை, உங்களுக்கு இஞ்ச குடும்பம் எண்டு ஒருத்தரும் இல்லை. ஏன் இந்த ஓட்டம் ஓடுறியள்?" அண்ணையின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் ஊரிலே, சுன்னாகத்தில் இருந்தார்கள். அவர் சிரித்தார். "அறிவிப்பாளர்மாரின்ட பிள்ளையள் ஒருநாளும் கானிவேல் பாக்கிறேல்லை, தங்கச்சி. மற்றப் பிள்ளையள் வந்தாப் போதும்."

ஜெர்மனில் அழைப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. மொழி வகுப்பில் நான்தான் கெட்டிக்காரி என்று பெயர். 'தமிழ்க் குடும்பங்கள் உங்களை அன்போடு அழைக்கின்றன: ஆவிகளின் திருவிழா' என்று எழுதி எல்லாத் தபால் பெட்டியிலும் போட்டேன்.

பூசணிக்காய்களை ஒரு விவசாயி மலிவாகத் தந்தார். அண்ணை முகம் வெட்ட, வெட்ட, தோண்டிய சதையையெல்லாம் பெண்கள் சட்டிக்குள் அள்ளினார்கள். பேயின் தலை மேசையில் சிரித்தது. மூளை அடுப்பில் தேங்காய்ப் பாலோடு கொதித்தது.

விழா நாள் பின்னேரம் அயலவர்கள் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். விழா செய்கிற நாங்கள்தான் வரவில்லை. எங்கள் குடும்பங்கள் வந்து சேர்ந்தபோது, வெள்ளைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வரிசையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பூசைக்கு இருப்பதுபோல் இருந்தார்கள். ஒரு வயதானவர் குறிப்பெழுதப் பேனாவோடு முன்வரிசையில். பின்சுவரோடு அப்வார்ட், கைகளைக் கட்டிக்கொண்டு, எந்தக் கதிரை முதலில் உடையும் என்று பார்த்தபடி.

பேய்கள் வரிசையாக வந்தன. ஹோட்டல் கழித்துவிட்ட விரிப்புகள்தான். ஆனால் தாய்மார் விட்டுவிடுவார்களா? விரிப்புக்குக் கீழே பட்டுப் பாவாடைக் கரை. விரிப்புக்கு மேலே சங்கிலி. நெற்றியில் சிவப்புப் பொட்டு. ஒரு பேய்க்குத் திருநீற்றுக் குறி. எல்லாப் பேய்க்கும் கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கறுத்த பொட்டு, பார்க்கிறவர்களின் கண் பட்டுவிடக் கூடாது என்று. எங்கள் ஊரில் கண் படுவதை நாவூறு என்போம்.

"அக்கா, பேய்க்கும் நாவூறு படுமோ?" என்று கேட்டேன்.

"பேயெண்டாலும் என்ட பேயெல்லோ!" என்றார் மலர் அக்கா.

விளக்கேற்றினோம். ஃபிராவ் ஹூபர் பேச எழுந்தார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். அவர் கண் கலங்கியிருந்தது. "உங்களுடைய இந்தப் பழமையான பண்டிகையை எங்களோடு பகிர்ந்துகொள்வதற்கு நன்றி. இப்படி ஒன்றை நாங்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை" என்றார். முன்வரிசைப் பெரியவர் விறுவிறென்று எழுதினார்.

தமிழில் சொல்வதற்குப் பதிலாக நான் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணை மைக்கைப் பொத்திக்கொண்டு என் காதருகே வந்தார்.

"என்னவாம்?"

"அண்ணை, இது எங்கட பண்டிகையாம்."

"எங்கடையோ? அப்ப அவையின்ட இல்லையோ?"

"கேள்விப்பட்டதே இல்லையாம்."

அண்ணை ஒரு கணம் மேல்முகட்டைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"அப்ப இனி எங்கடைதான்" என்றுவிட்டு மைக்கைத் திறந்தார். "பெரியோர்களே, தாய்மார்களே! இதோ, காலம் காலமாக வரும் பேய்கள்!"

பேய்கள் 'ஊ' என்று ஊளையிட்டன. ஒருவரும் பயப்படவில்லை. சுவிஸ் தாய்மார் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு "யோ! ஹேர்ட்சிக்!" என்று உருகினார்கள். அதாவது, எவ்வளவு வடிவு, எவ்வளவு செல்லம். ஒவ்வொரு பேயையும் தூக்கிக் கொஞ்சினார்கள். படம் பிடித்தார்கள். மலர் அக்காவின் முகம் மாறியது. இத்தனை கண்! இத்தனை 'வடிவு'! கறுத்த பொட்டு இதற்கெல்லாம் போதாது. அவர் மெல்ல எழுந்து சமையலறைக்குள் போனதை நான் கண்டேன். கறி சுடவைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் கொண்டுவந்த செத்தல் மிளகாயையும் உப்பையும் எடுத்து, எல்லாப் பேய்களையும் நினைத்துச் சுற்றி, சிவக்கச் சூடேறியிருந்த மின்சார அடுப்பில் போட்டுவிட்டார்.

மிளகாய்ப் புகை தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பெரியவர் முதலில் தும்மினார். பிறகு ஃபிராவ் ஹூபர். பிறகு மண்டபம் முழுவதும் ஒன்றாகத் தும்மியது. பேய்கள் ஓட்டைகளுக்குள்ளால் கண்ணீர் விட்டன. பின்னாலிருந்து அப்வார்ட் இருமிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, முகம் தக்காளி போல வந்துகொண்டிருந்தார். சனிக்கிழமைகள் புகையோடு புகையாகப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. எரிந்த கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

அண்ணை கதிரை ஒன்றின் மேல் ஏறினார். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் வழுக்கியபோதெல்லாம் சனங்களைக் கலைத்த குரல் அது.

"இதோ, பேய் ஓட்டும் நேரம்! எல்லாரும் கைகோத்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு, முற்றத்துக்கு ஓடுங்கோ! பிள்ளை, சொல்லும்!"

நான் தும்மல்களுக்கு இடையில் ஜெர்மனில் கத்தினேன். சுவிஸ் மக்கள் ஒழுங்கானவர்கள். சொன்னபடி கைகோத்தார்கள். பெரியவர்கள், பேய்கள், தாய்மார், எல்லோரும் கத்திக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். முற்றத்தில் குளிர் காற்று அடித்தது. எங்கள் பிள்ளைகள் முதல்முறையாகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். யாரும் தும்புத்தடியால் இடிக்கவில்லை. சுவிஸ் பிள்ளைகள் "நொமோல்! நொமோல்!" என்று குதித்தார்கள். இன்னொருமுறை வேண்டுமாம்.

அப்வார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எதைத் துரத்தினீர்கள்?"

நான் மொழிபெயர்த்தேன். அண்ணை இந்தத் தடவை மைக் இல்லாத குரலில் பேசினார். "சும்மா, கூடாததுகளைத்தான். பிள்ளையளை அண்டாமல்."

அப்வார்ட் திரும்பி நடந்தார். போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று எங்கள் தலைவர், செயலாளர், போஷகர் எல்லோரும் ஒரே நேரத்தில் பதவி விலகத் தயாரானார்கள். அவர் நிலவறையிலிருந்து திரும்பி வந்தபோது தோளில் ஒரு பெரிய மாட்டு மணி தொங்கியது. அவருடைய மலைக் கிராமத்தில் மார்ச் மாதம் பிறக்கும் நாளில் பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டு போய்க் குளிர்காலத்தைத் துரத்துவார்களாம். புகை மட்டும் போட்டால் பாதிதான் போகுமாம், சத்தமும் வேண்டுமாம். மணியை அண்ணையின் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் முற்றத்தைச் சுற்றி முன்னால் நடக்க, பேய்களெல்லாம் பின்னால் ஓடின.

குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் மண்டபம் எங்களுக்குக் கிடைத்தது. அப்வார்ட் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: மிளகாய் வெளியே. அவருக்கு மட்டும் பூசணிக்காய்க் கறி உள்ளே வரலாம்.

சென்ற வருடமும் எங்கள் 'பழமையான' ஹலோவீனைச் செய்தோம். வில் என்ற ஊரிலிருந்தும் ஆட்கள் வந்து முறை கேட்டுப் போனார்கள். அண்ணை அதிலெல்லாம் திருப்தியடைகிற ஆள் இல்லை. இந்தத் தைப்பொங்கலுக்கு அப்வார்ட்டின் கிராமத்தில் பனியில் சறுக்குவண்டிச் சவாரிப் போட்டி நடத்தப்போகிறாராம். மலைக்காரர் வைக்கோல் இறக்குகிற பழைய மரவண்டிகளை அப்வார்ட் பேசி வைத்துவிட்டார். நம்மூர் மாட்டுவண்டிச் சவாரி மாதிரியேதானாம். மாடு மட்டும் இல்லை, நிறுத்தவும் வழி இல்லை. முதல் வண்டியில் ஏற ஆள் தேடியபோது என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு உயரம் என்றால் பயம். பனி என்றால் அதைவிடப் பயம். ஆனால் அடிவாரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது கானிவேல் அண்ணை என்றால், எந்த மலையிலிருந்தும் நான் இறங்கி வருவேன்.