வைரவர் ஏறிய வால்நட்

இலையுதிர்காலத்துக்குள் அந்த வால்நட் மரத்தை வெட்டியே தீருவது என்று முடிவெடுத்தேன். லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் பின்வளவில் நிற்கும் ஒரே மரம். அந்த இடத்தில் சிறு கொட்டில் போட்டு, உள்ளே ஒரு கதிரை வைத்து, நான் தனியே இருக்கவேண்டும். ஐம்பத்தாறு வயதில் ஒருவன் கேட்பது அவ்வளவுதான். அதுவும் கூடுதலோ என்று என்னையே கேட்பதுண்டு.

மனைவி சுவர்ணாவுக்கு அந்த நிழல் வேண்டும். அதன் கீழிருந்துதான் கனடாத் தங்கையோடு தினமும் இரண்டு மணித்தியாலம் கதைப்பாள்.

கவுன்சில் பாதுகாக்கும் மரம். சாகிற நோய் என்று காட்டினால்தான் வெட்டலாம். எட்டிய கிளைகளில் இலை இலையாகத் தேடினேன். மரம் என்னைவிடச் சுகமாக இருந்தது. ஒரு புள்ளியாவது வேண்டுமே என்று சாப்பாட்டு மேசையில் புலம்பினேன். சுவர்ணா சோறு போட்டாள்.

மறுநாள் காலை, பூட்டிய யன்னலுக்கு உள்ளே, என் மேசையில் ஓர் இலை. மேலே கொப்புளங்கள், அடியில் மஞ்சள் பஞ்சு. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன் செய்வதாம். அடுத்த நாள் கரும்புள்ளி விழுந்த இலை, பூஞ்சணம். மூன்றாம் நாள் கருகிச் சுருங்கிய ஒரு காய். தொட்டேன், ஈரமாக இருந்தது. நான் கேட்டதை மரம் கேட்டிருக்கிறது. தன் நோயைத் தானே கொண்டுவந்து வைக்கிறது. வெளியே பார்த்தேன். காற்றில்லை, ஒரு கிளை மட்டும் ஆடியது.

நான்காம் நாள் அடிமரத்தில் சந்தனமும் குங்குமமும். வேரடியில் ஒரு சூலம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், வைரவர் சூலம் நட்ட மரத்தில் கை வைப்பானா? கற்பூரம் கொளுத்தினேன். வெட்டமாட்டேன், வெள்ளிதோறும் என் கையால் வடை சுட்டு மாலை சாத்துவேன் என்று நேர்ந்தேன். சுவர்ணா பக்கத்தில் கும்பிட்டபடி நின்றாள்.

வெள்ளிக்கிழமை குசினியில் உழுந்துச் சட்டியை என்னிடம் நீட்டினாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"இதென்ன கறுப்பு, சுவர்ணா?"

"வால்நட் காய்த் தோல். சவுக்காரத்துக்கும் போகுதில்லை."

சட்டியைக் கீழே வைத்தேன். "அப்ப அந்த இலையள்?"

"வளவில விழுறதைக் கூட்டிறது ஆர், நீங்களே? மூண்டு வருத்தத்துக்கும் மரம் சாகாதெண்டு பாத்திட்டுத்தான் வச்சனான்."

"சூலம்?"

"போன மாசமே வாங்கிட்டன்."

"அப்ப என்ர நேர்த்தி செல்லாது."

"கற்பூரம் கொளுத்தி நேர்ந்தது வைரவருக்கு. எனக்கில்லை."

சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் புறப்பட்டவள், வாசலில் நின்று திரும்பினாள்.

"தனிய இருக்க இடம் வேணுமெண்டனீங்கள் எல்லே? வெள்ளிக்கிழமையில குசினிப் பக்கம் நான் வரமாட்டன்."