ஐயோ மாஸ்டருக்கு ஏகமனதாக ஓர் ஆசனம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மற்றவர்களுக்கு நோய் வருத்தம் வரும், போகும். ஐயோ மாஸ்டரிடம் வந்த வருத்தங்கள் மட்டும் குடும்பமாகத் தங்கிவிடும். ரியூட்டறி என்கிற எங்கள் தனியார் வகுப்பில் நான் வரலாறு படிப்பிக்கிறேன், அவர் கணிதம். "ஐயோ" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சமன்பாட்டையே தொடங்குவார். அதனால் சிறுநீரகம் உண்மையாகவே பழுதானபோது ஒருவரும் நம்பவில்லை.

போன மாரியில் என் மகள் சைக்கிளோடு எங்கள் ஒழுங்கையோர வாய்க்காலுக்குள் விழுந்தாள். வெள்ளத்தில் றோட்டு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. யாரோ தலைமயிரில் பிடித்து இழுத்ததால் பிள்ளை மிஞ்சினாள். இப்போதும் மழை இருட்டினால் அவளைக் கூட்டிவர நானே போவேன். வாய்க்காலுக்கு மூடி கேட்டுப் பிரதேச சபைக்கு நடந்ததில் செருப்புத்தான் தேய்ந்தது.

அந்த நேரம் எங்கள் கட்சிக்குச் சபையில், கட்சியே ஆளை நியமிக்கிற பட்டியல் ஆசனம் ஒன்று கிடைத்தது. ஆசைப்பட்டவர்கள், கிளைத் தலைவரோடு சேர்த்து நாலு பேர். சுழற்சி முறையில் இருக்கலாம் என்றார்கள். ஆனால் முதலில் இருப்பவர் எழும்புவாரா? நான் ஐயோ மாஸ்டரைச் சிபாரிசு செய்தேன்.

"உவருக்குக் கடும் வருத்தமெல்லே?" என்றார் கிளைத் தலைவர்.

"ஓம் அண்ணை. நல்லா ஏலாது. கிழமைக்கு மூண்டு தரம் ஆசுப்பத்திரி."

நாலு முகங்களிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம். அப்படியொரு ஒற்றுமையை எங்கள் கட்சி அதற்கு முன் கண்டதில்லை.

மாஸ்டர் ஆசுப்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் கட்டிலில் கிடந்தார். "எனக்கேன் ராசா பதவி? ஐயோ…"

"வாய்க்காலுக்கு மூடி போடவேணும், மாஸ்டர்."

"பிள்ளை விழுந்த வாய்க்காலோ? அப்ப வாறன்."

கையில் ஒட்டிய பஞ்சோடு சபைக்குப் போய் வாய்க்கால் மூடிக்குப் பிரேரணை கொண்டுவந்தார். "அடுத்த கூட்டத்திலை பாப்பம்" என்றார் சபைத் தவிசாளர்.

"அதுக்கு நான் இருப்பனோ தெரியாது, தம்பி. ஐயோ…" மாஸ்டர் மேசையில் சாய்ந்தார். ஒருவர் தண்ணீர் பருக்கினார். ஒருவர் நிகழ்ச்சி நிரலால் விசிறினார். எதிர்க்கட்சி பாய்ந்து பிரேரணையை வழிமொழிந்தது.

மூடி வேலை தொடங்குமுன் எங்கள் கிளைத் தலைவர் செவ்விளநீர்க் குலையோடு மாஸ்டரைப் பார்க்க வந்தார். சிறுநீரக நோயாளிக்கு இளநீர் ஆகாதென்று அவருக்குத் தெரியாது என்றே நம்ப விரும்புகிறேன்.

"பதவியை விட்டிட்டு ஆறுதலா இருங்கோவன், மாஸ்டர்."

"எதையும் திடீரெண்டு நிப்பாட்டக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

மூடி போட்ட அன்று மாஸ்டர் ஓட்டோவில் வந்திறங்கினார். என் மகள் புது மூடியில் கால் வைக்கப்போனாள்.

"பொறு பிள்ளை, முதல் நான் ஏறிப் பாக்கிறன். உடைஞ்சாலும் எனக்கு ஆசுப்பத்திரியிலை கட்டில் இருக்கு."

நடுவில் நின்று காலால் ஓங்கி உதைத்துப் பார்த்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டார்.

அவருடைய ஆசனத்துக்கு அந்த நாலு பேரும் இன்னும் காத்திருக்கிறார்கள். கனகாலம் காத்திருக்கட்டும் என்றுதான் நான் நாளும் கும்பிடுகிறேன்.